செயலாளரின் ஆண்டறிக்கை 2025-26: இராமேசுவரத்தின் கடலும் வருமானமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நம் ஊரின் பிழைப்பு எங்கெங்கே குறுகிப்போயிருக்கிறது, அங்கே நாம் செய்யக்கூடியது என்ன என்பதை மட்டும் நான் முன்வைக்கிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி நம் நகராட்சியின் மக்கள்தொகை 44,856, பரப்பு 53 சதுர கிலோமீட்டர். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. 1964 டிசம்பர் புயல் வரை இது கடந்து செல்லும் தீவாக இருந்தது. போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். புயலுக்குப் பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது. அதோடு சுங்கமும் சரக்கும் அவற்றை நம்பிய கூலி வேலையும் போயின. இன்று ஊரைத் தாங்குபவை கோயிலும் மீனும்தான். கோயிலுக்கு வருகிறவர்கள் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். மீனுக்கு இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு வரைதான் இடம். இரண்டுமே குறுகிய வாசல்கள்.

பாம்பன் பற்றிச் சுருக்கமாக. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. பக்தர்கள், ஐஸ், மீன், காய்கறி எல்லாம் 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேலேயே போய்வந்தன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நடுக்கண் செங்குத்தாக 17 மீட்டர் உயர்ந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. இந்த உப்புக் காற்றில் இரும்பு அரிக்கும் வேகம் நமக்குப் புதிதல்ல. பராமரிப்பு ஒரு வருடம் தவறினாலும் விலை பெரிது. ஆகவே வேலை நடக்கும் நாட்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. விடுதியில் அறை பதிந்தவர்களுக்கும் மீன் லாரிக்காரர்களுக்கும் ஒரு வாரம் முன்பு தெரிந்தாலே நஷ்டம் பாதி குறையும்.

இனி கடல். இங்கிருந்து எல்லைக்கோடு சுமார் 12 கடல்மைல். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 3 கடல்மைல் நாட்டுப்படகுகளுக்கு உரியது. மிச்சம் ஒன்பது, அதிலும் பாறையும் பவளப் பாரும் உள்ள இடத்தில் மடி எனும் இழுவலையை இழுத்தால் அது கிழியும். அந்த ஒடுங்கிய பட்டையில்தான் நம் விசைப்படகுகள் அத்தனையும் இறால், நண்டு, கணவாய், காரல் தேடுகின்றன. வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு இந்த நெரிசலில் பிறந்ததுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு.

1974 ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் வைத்தது. 1976 கடிதப் பரிமாற்றம் ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டு நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்றது. 2017இல் இலங்கை இழுவலையைச் சட்டம் போட்டே தடை செய்தது. மறு ஆண்டு அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் உயர்த்தியது. இப்போது ஒரு படகு சிக்கினால் ஆட்கள் விடுதலையாகி வந்தாலும் படகு வருவதில்லை. உரிமையாளர் அங்குள்ள நீதிமன்றத்தில் ஆவணங்களோடு நிற்க வேண்டும். படகை வாங்கியவர் பதிவைத் தன் பெயருக்கு மாற்றாமல் ஓட்டினால் வழக்கு அந்த இடத்திலேயே தோற்கும். பெயர் மாற்றம், உரிமம், காப்பீடு மூன்றையும் தடைக்காலத்திலேயே முடியுங்கள். நகல் ஒன்றைக் கரையில் வையுங்கள். கியர்பாக்ஸ் உடைந்த படகை நீவாடு எனும் கடல் நீரோட்டம் இரவோடு இரவாகக் கோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். எஞ்சின் நின்றவுடன் நங்கூரம் போட்டு, நேரத்தையும் ஜிபிஎஸ் புள்ளியையும் விஎச்எஃப் ரேடியோவில் சொல்வதே முதல் வேலை.

ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற 2017இல் வந்த திட்டத்தில் படகின் விலை 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, உரிமையாளர் 10. கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரிய படகு நம் ஜெட்டியை அணைய முடியாது. ஓரிரவுத் தொழிலில் வளர்ந்தவர்களுக்குப் பல நாள் தங்கித் தூண்டில் போடும் வேலையைப் பழக்கவும் வேண்டும். அணையும் துறையும் பயிற்சியும் இல்லாமல் படகை மட்டும் கொடுத்தால் அது கடனாகத்தான் நிற்கும்.

பெண்களின் வருமானத்தில் கடல்பாசிக்குப் பெரிய இடம் உண்டு. மரிக்கொழுந்து, கட்டக்கோரை எனும் கடல்பாசிகளை முங்கி எடுப்பவர்கள் மாதத்தில் சில நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும் ஒழுங்கைச் சங்கம் மதிக்கிறது. வளர்ப்புப் பாசிக்கு 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம்; ஆக விதை 60 கிலோ. 45 நாளில் நல்ல பருவமானால் 260 கிலோ வரை கிடைக்கும். 60 கிலோவை மறுநடவுக்கு வைத்துவிட்டு மீதி 200 கிலோவைக் காயவைத்தால் 20 கிலோ தேறும். அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிடும். கடல் சூடேறினால் தண்டு வெளுத்து உதிரும். அப்போது மீதியைக் காப்பாற்ற நினைக்காமல் உடனே அறுத்துவிடுங்கள். வாடைக்காற்றில் மிதவை நிற்காது. அதற்காகத் தென்கடலான மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுபோக வேண்டாம். இந்த வளர்ப்புப் பாசி வெளிநாட்டிலிருந்து வந்தது. அந்த வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவில் அது பவளத்தின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

குடிநீரில் ஒரு எச்சரிக்கை. மணலுக்கு அடியில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உப்பு நீர் ஏறத்தாழ 40 அடி ஏறும் என்பது கணக்கு. விடுதிகள் ஆழ்துளை போட்டு இரவு முழுவதும் இறைத்தால் பக்கத்து வீட்டு உறைகிணறும் கரிக்கும். கரித்த கிணறு திரும்ப நல்ல மழைக்காலங்கள் பல வேண்டும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள்: பாலப் பராமரிப்பு நாட்களை முன்னறிவிக்கக் கோரும் மனு, தடைக்காலத்தில் படகு ஆவண முகாம், புதிய விடுதிகளில் மழைநீர்த் தொட்டியையும் ஆழ்துளைக்குப் பதில் ஆழம் குறைந்த கிணற்றையும் வலியுறுத்தி நகராட்சிக்குக் கடிதம். விவாதித்து, திருத்தம் இருந்தால் சொல்லி, நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்