ஒப்புதல் அளிக்கும் முன்: பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் இயங்கும் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களில் பொறுப்பு வகிக்கும் உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். ஆசிரியர் ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்தோ பணியிலிருந்து விலக்கியோ பிறப்பிக்கப்படும் ஆணை யாருடைய மேசையில் எழுதப்பட்டாலும், உங்கள் ஒப்புதலைப் பெற்ற பிறகே அது நிலைபெறுகிறது. கட்டட மதிப்பீட்டுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் பின்னால், கூட்டப் பொருளின் கடைசியில் ஒற்றை வரியாக வரும் அந்த இனத்துக்கு நீங்கள் செலவிடும் நேரத்தைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். துறை விசாரணைகளில் சக ஆசிரியர்களுக்கு உதவியாளராக அருகில் அமர்ந்திருக்கிறேன்.

பணியிடை நீக்கம் தண்டனை அன்று என்பது சட்டத்தின் நிலை. ஆனால் நான் உதவியாளராக இருந்த ஒரு விசாரணையில், அந்த ஆசிரியருக்குத் தரப்பட்ட ஆணை மூன்றே வரிகளில் இருந்தது. ‘நிர்வாக நலன் கருதி’ என்ற தொடருக்கு மேல் காரணம் எதுவும் அதில் இல்லை. ஆய்வகச் சாவியை அன்று மாலையே ஒப்படைக்கச் சொன்னார்கள். அவரிடம் ஆய்வு செய்துவந்த மாணவி, ஆய்வேட்டுக்கு நெறியாளரின் கையொப்பம் பெற முடியாமல் அலுவலகத்துக்கும் துறைக்கும் அலைந்தார். நாள்தோறும் காலையில் வந்து பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும் என்றொரு நிபந்தனை வேறு. நெல்லிக்குப்பத்திலிருந்து பேருந்தில் வந்து, தம்மிடம் படித்த பிள்ளைகள் கடந்து செல்லும் நடையில், எழுத்தர் பதிவேட்டை எடுத்துத் தரும்வரை அவர் நின்றுகொண்டிருப்பார். பணியிடை நீக்கக் காலத்தில் தரப்படும் பிழைப்பூதியத்தைப் பெற, வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்ற சான்றைத்தான் அரசுப் பணியாளர்களுக்கான அடிப்படை விதி 53 கேட்கிறது. அன்றாடக் கையொப்பத்தை அது கேட்கவில்லை. இதைத் தண்டனை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

கால வரம்பைப் பொறுத்தவரை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான முள்ளோடை எல்லையைக் கடந்தாலே விதி மாறிவிடுகிறது. கடலூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஆசிரியருக்குத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1976 துணை நிற்கிறது. கடும் ஒழுங்கீனம் குறித்து விசாரணை நடத்தக் கருதும்போது மட்டுமே பணியிடை நீக்கம் செய்யலாம் என்றும், இரண்டு மாதங்களுக்குள் விசாரணை முடியாவிட்டால் அவர் மீண்டும் பணியில் அமர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும், தாமதத்துக்கு அவரே நேரடிக் காரணமாக இருந்தால் மட்டும் மேலும் இரண்டு மாதங்கள் நீட்டிக்கலாம் என்றும் அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. எல்லைக்கு அப்பால், மத்திய அரசுப் பணியாளர்களுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளின் வழி செல்லும் இடங்களில், 90 நாள்களுக்குள் மறு ஆய்வு செய்ய வேண்டும்; ஒவ்வொரு நீட்டிப்பும் 180 நாள்களைத் தாண்டக் கூடாது. அஜய்குமார் சௌத்ரி வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், மூன்று மாதங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்படாவிட்டால் பணியிடை நீக்கம் தொடரக் கூடாது என்றும், வழங்கப்பட்டிருந்தால் நீட்டிப்புக்குக் காரணம் எழுதப்பட வேண்டும் என்றும் கூறியது. அத்தீர்ப்பைக் கொண்டு ஆணை தானாகவே இரத்தாகிவிடும் என்று கொள்ள முடியாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் விளக்கியிருக்கிறது. ஆகவே நாள் குறிக்கும் பொறுப்பு உங்களிடமே வந்து நிற்கிறது. துணைவேந்தர் ஓர் ஆசிரியரைப் பணியிடை நீக்கம் செய்தால் அதற்கான சூழ்நிலையை உடனடியாக ஆட்சிக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், அது தேவையற்றது என்று குழு கருதினால் ஆணையை விலக்கிக்கொள்ளலாம் என்றும் மத்தியப் பல்கலைக்கழகங்களின் நிலைச்சட்டங்கள் பொதுவாகச் சொல்கின்றன. இந்த அதிகாரத்தை எத்தனை குழுக்கள் கையில் எடுக்கின்றன என்பதே என் கவலை.

பிழைப்பூதியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான விசாரணைகள் கெடுவது இங்கேதான். பாதி ஊதியத்தையும் மாதக்கணக்கில் நிறுத்திவைத்துவிட்டு, விசாரணைக்கு வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுகிறார்கள். கோலார் தங்கச் சுரங்கத்தின் பாதுகாப்பு அலுவலராக இருந்த பால் அந்தோணியின் வழக்கில் நடந்ததும் இதுவே. பிழைப்பூதியம் கிடைக்காமல், கேரளத்திலிருந்து விசாரணைக்கு வந்துபோகக் கையில் பணமில்லாமல் இருந்தவரை, வராதவர் என்று பதிந்து பணிநீக்கம் செய்தார்கள். அந்த விசாரணையே செல்லாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகளின் கட்டணத்துக்கும் வழியின்றி நிற்பவர், ஆவணங்களைப் படியெடுக்கவும் சாட்சிகளை அழைத்து வரவும் எங்கே போவார்? பிழைப்பூதியம் கருணைத் தொகை அன்று. தன் தரப்பைச் சொல்லும் உரிமை அதைச் சார்ந்தே இருக்கிறது.

விசாரணை அலுவலர் புகார் கொடுத்தவருக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விசாரணை அறிக்கையின் படியைக் கொடுத்து, அதன் மீது ஆசிரியரின் விளக்கத்தைப் பெற்ற பின்பே முடிவெடுக்க வேண்டும் என்று கருணாகர் வழக்கில் 1993இலேயே அரசியல் சாசன அமர்வு நிலைநாட்டிவிட்டது. இன்றும் அறிக்கையும் தண்டனை ஆணையும் ஒரே உறையில் வந்து சேர்வதைப் பார்க்கிறேன்.

இவையெல்லாம் தவறு செய்தவர்களைத் தப்பவிடும் ஏற்பாடுகள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு என் மறுமொழி இது: ஒரு மாணவி துணிந்து பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கிறார், 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 90 நாள்களைக் கடந்தும் விசாரணை இழுபடுகிறது, அல்லது அவசர அவசரமாக, எதிர்த்தரப்பைக் கேளாமலேயே பணிநீக்க ஆணை வழங்கப்படுகிறது. நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி அந்த ஆணையை நீக்கினால், அதே ஆசிரியர் அதே வகுப்பறைக்குத் திரும்புவார். அன்று அந்த மாணவிக்கு யார் பதில் சொல்வது? முறையாக நடந்த விசாரணைதான் புகார் கொடுத்தவருக்கும் காவல்.

தகுதிகாண் பருவத்தினர், ஒப்பந்த ஆசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள் ஆகியோரின் நிலை இன்னும் மோசம். இவர்களுக்கு ஆணைகூடக் கிடையாது. அடுத்த பருவத்துக்கான பெயர்ப் பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். ஒருவர் மேல் களங்கம் கற்பித்து வெளியேற்றுவதானால் தகுதிகாண் பருவத்தினர்க்கும் விசாரணை வேண்டும் என்று தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இது நம் ஊர்க் கோரிக்கை மட்டும் அன்று. குற்றச்சாட்டை எழுத்தில் பெறுவது, எதிர்வாதத்துக்குப் போதிய அவகாசம், தாம் விரும்பும் பிரதிநிதி, சார்பற்ற அமைப்பிடம் மேல்முறையீடு ஆகியவற்றை உயர்கல்வி ஆசிரியர்களின் உரிமையாக யுனெஸ்கோ 1997ஆம் ஆண்டுப் பரிந்துரையிலேயே வகுத்தது. ஆசிரியர் தொடர்ந்து பணியாற்றுவதால் அவருக்கோ பிறருக்கோ உடனடித் தீங்கு நேரும் என்றால் மட்டுமே பணியிடை நீக்கம் தகும் என்றும், சட்டத் தடை இல்லாதவரை ஊதியத்துடன்தான் அது இருக்க வேண்டும் என்றும் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1958ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அடுத்த கூட்டத்தில் இப்படி ஓர் இனம் வந்தால், குற்றச்சாட்டுக் குறிப்பாணையின் படி, பிழைப்பூதியம் வழங்கப்பட்டதற்கான சான்று, விசாரணை அறிக்கை, அதன் மீது ஆசிரியர் எழுதிய விளக்கம் ஆகிய நான்கையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று இல்லையென்றாலும் அந்த இனத்தை ஒத்திவைத்து, ஒத்திவைத்த காரணத்தைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர்
மஞ்சக்குப்பம், கடலூர்