நம் அறிவியல் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வினாடி வினா நடந்தது. வான்நோக்கு இரவு மழையில் போயிற்று. மற்றபடி இந்த ஆண்டு நம் நேரமெல்லாம் பார்வையற்ற, காது கேளாத மாணவர்களோடுதான் கழிந்தது.

பார்வையற்ற பிள்ளைகளுக்கு அறிவியலை எளிமையாக விளக்குவது என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அவர்கள் பள்ளிக்குப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது, அங்கே விளக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. அமிலம் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும் என்று எல்லோரும் ஒப்பித்தார்கள். ஆனால் சோதனையில் கைவைத்தவர் ஒருவரும் இல்லை.

இத்தனைக்கும் நிறம் வேண்டாத சோதனை என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு துணித்துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். (ஃபிரிட்ஜ் நம் துணைத்தலைவர் வீட்டினுடையது. அவர் வீட்டாரிடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.) அமிலம் பட்ட துணியில் வெங்காய வாசனை அப்படியே இருக்கும், காரம் பட்டால் போய்விடும். முதல் தடவை அமிலத்துக்கு வினிகரை எடுத்துப்போய் மாட்டிக்கொண்டோம். அதன் நெடியே எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. அடுத்த வாரம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு. நாங்கள் சொட்டுவிட்டு, தண்ணீரில் நன்றாக அலசிக் கொடுத்தோம், பிள்ளைகள் முகர்ந்து பிரித்தார்கள். ஒருவரும் தவறாகச் சொல்லவில்லை.

அப்புறம் சூரியக் குடும்பம். பூமி 2 மில்லிமீட்டர் கடுகு என்றால், சூரியன் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர், அதாவது ஒரு கால்பந்து. நடுவில் இருபத்து மூன்றரை மீட்டர் கயிறு. புதனுக்குக் கசகசா 9 மீட்டரில், வெள்ளிக்கு இன்னொரு கடுகு 17 மீட்டரில், அட்டையில் ஒட்டிக் கயிற்றில் கட்டினோம். கயிற்றைப் பிடித்தபடி வராந்தாவில் நடந்த ஒரு பெண் பாதியில் நின்று, "நடுவுல வேற ஒண்ணுமே இல்லையா சார்?" என்று கேட்டாள். கண்ணுள்ள பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டிய இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. படத்தில் கோள்கள் பக்கத்துப் பக்கத்து வீடு போலத்தானே இருக்கின்றன! வியாழனுக்கு நெல்லிக்காய் வைத்திருந்தோம். அது 122 மீட்டர் தள்ளிப் போக வேண்டும், பள்ளிச் சுவரைத் தாண்டி. அதைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள்.

காது கேளாதோர் பள்ளியில் நாம் செய்தது அவ்வளவு சரியில்லை. படம் நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கை அணைத்தோம். சைகை மொழிபெயர்ப்பாளர் இருட்டில் நின்றார். விளக்கைப் போட்ட பிறகும் சிக்கல்தான். பேசிக்கொண்டே சோதனை செய்தால், பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளரின் கையைப் பார்ப்பதா, மேசையைப் பார்ப்பதா? இப்போது முதலில் சொல்கிறோம், நிறுத்துகிறோம், பிறகு செய்கிறோம். ஒரு மணி நேரப் பாடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, ஆகட்டும்.

2021-இல் வந்த இந்திய சைகை மொழி அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் உண்டு. ஆனாலும் இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குள்ளேயே புழங்கும் சைகைகள் இருக்கின்றன. மின்தடைக்கு, அதாவது மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மைக்கு, எந்தச் சைகையை வைத்துக்கொள்வது என்று அவர்களே கூடிப் பேசி முடிவுசெய்தார்கள். நாம் அதைக் கற்றுக்கொண்டோம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தேவை: சைகை மொழி கற்க வாரம் ஒரு மாலை ஒதுக்கக்கூடிய நான்கு உறுப்பினர்கள், காற்று இறங்காத ஒரு கால்பந்து. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்