ஆறாவது கடிதம்: என் புல்வெளியை எரித்ததற்கும், ஆட்டுக்குட்டி வாங்கச் சொன்னதற்கும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வடவள்ளி, கோயம்புத்தூர்.
(வாடிக்கையாளர் எண் இணைத்துள்ள ரசீதில் இருக்கிறது. தொலைபேசியில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது.)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 16.06.2025

பொருள்: வீட்டுப் புல்வெளிப் பராமரிப்புச் சந்தா, புல்வெட்டும் மெஷின் ஆகியவற்றுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது மற்றும் இழப்பீடு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதற்கு முன் நான்கு மின்னஞ்சலும் ஒரு பதிவுத் தபாலும் அனுப்பியிருக்கிறேன். மின்னஞ்சல்களுக்கு "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று நான்கு முறையும் ஒரே பதில் வந்தது. பதிவுத் தபாலுக்கு அதுகூட இல்லை. ஆகவே ஆறாவது முறையாக எழுதுகிறேன்.

நடந்ததைத் தேதிவாரியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டுக்குட்டி விஷயத்தை முதலில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

மே 14ஆம் தேதி காலை 11 மணிக்கு உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். 22 நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு தம்பி எடுத்தார். உரம் போட்டதில் புல் கருகியதையும், களைக்கொல்லி அடித்ததில் மிச்சம் போனதையும் பொறுமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "புல்லுக்குப் போயி இவ்வளவு டென்ஷன் ஆகுறீங்களே மேடம், பேசாம ஒரு ஆட்டுக்குட்டி வாங்கி விட்டுடுங்க, வெட்டுற வேலையும் மிச்சம்" என்றார். பின்னால் இன்னொருவர் சிரிப்பதும் கேட்டது. 34 வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எட்டாம் வகுப்புக் கடைசி பெஞ்சுகூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. "உங்கள் உரையாடல் தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்கிறீர்களே, தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்து நீங்களே ஒரு முறை கேளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரியில் உங்கள் வருடச் சந்தாவில் சேர்ந்தேன். வரியோடு 23,600 ரூபாய். அதோடு அந்த 40 வோல்ட் பேட்டரி புல்வெட்டும் மெஷின், 18,490 ரூபாய். மெஷினை ஓட்டிக்காட்டுவது, உரம் போடுவது, களைக்கு மருந்தடிப்பது எல்லாம் உங்கள் ஆட்கள் வந்து செய்ய வேண்டியவை. என் புல்வெளி 800 சதுர அடி, கொரியன் புல். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு என் கணவர் காலையில் வெறுங்காலோடு நடப்பதற்காகப் போட்டது. ஆடம்பரத்துக்கு வளர்த்த புல் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பிப்ரவரி 26ஆம் தேதி மெஷினை ஓட்டிக்காட்ட உங்கள் ஆள் வந்தார். அன்றைக்குப் புல் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. நீங்கள் மெஷினோடு கொடுத்த சிறு புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில், ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதாவது நான்கு சென்டிமீட்டர் நிற்க வேண்டும். உங்கள் ஆள் வெட்டும் உயரத்தை மாற்றும் லீவரை மிகத் தாழ்ந்த கட்டத்தில் வைத்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு வழித்துவிட்டார். பச்சையெல்லாம் போய் அடித்தண்டு மஞ்சளாகத் தெரிந்தது. கேட்டதற்கு, "நல்லா ஒட்ட வெட்டிட்டா மாசம் ஒருக்கா வெட்டினாப் போதுங்க டீச்சர்" என்றார். மொட்டை அடித்த தலையில் வெயில் இறங்குகிற மாதிரி மண்ணில் வெயில் இறங்கியது. புல் அடர்த்தியாக இருந்தவரை தலைகாட்டாத கோரைக் களை, மூன்றே வாரத்தில் சந்து சந்தாகக் கிளம்பியது. புளியாரையும் வந்தது. புளியாரையைக் கையால் பிடுங்கிவிடலாம். கோரை அப்படியா? மேலே பிடுங்கினால் அடியில் கிழங்கு இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக வரும்.

அடுத்து உரம். மார்ச் 19, பகல் பதினொன்றரை மணி. நேரத்தைக் கவனியுங்கள். பங்குனி வெயிலில், காய்ந்த தரையில், உங்கள் பச்சைப் பையை உடைத்து ஒரு பையன் சாணி தெளிப்பது போல வீசிக்கொண்டு போனார். ஐந்து கிலோவும் காலி. பையின் பின்பக்கம் நீங்களே அச்சடித்த அளவு சதுர மீட்டருக்கு 10 கிராம். 800 சதுர அடி என்றால் 74 சதுர மீட்டர் சொச்சம். 740 கிராம் போதும். முக்கால் கிலோ போட வேண்டிய இடத்தில் ஐந்து கிலோ! ஏறத்தாழ ஏழு மடங்கு. ஏழாம் வகுப்புக் கணக்கு இது. பையில் நைட்ரஜன் 46 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 46 என்றாலே அது யூரியாதான் என்று எந்த விவசாயியும் சொல்வார். விவசாயிகளுக்கு 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. உங்கள் ஐந்து கிலோ பை 640 ரூபாய். அந்த விலை வித்தியாசத்தைப் பற்றி நான் இப்போது கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்பேன்.

போட்டதும் தண்ணீராவது விட்டாரா? "சாயங்காலமா நீங்க விட்டுக்குங்க" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் குழாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் நம் ஊர் வேளாண் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் விளக்கினார்: அவ்வளவு யூரியா கரைந்தால் மண் ஈரத்தில் உப்பு ஏறிவிடும், வேர் தண்ணீரை எடுப்பதற்குப் பதிலாக இழக்க ஆரம்பிக்கும், இலையில் ஒட்டிய குருணை அங்கேயே சுட்டுவிடும். உப்பைக் கீழே இறக்கத் தண்ணீர் கட்டுவதைத் தவிர வழியில்லை என்றார். போர் தண்ணீர் பற்றாமல் நான்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். லாரிக்கு 1,500 ரூபாய். தெருவே வேடிக்கை பார்த்தது. குடிக்கிற தண்ணீருக்கு லாரி வரும், புல்லுக்கு வந்தது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை.

இதில் பாதிப் புல் பிழைத்தது. அதையும் விடவில்லை நீங்கள்.

ஏப்ரல் 8ஆம் தேதி கோரைக்கு மருந்தடிக்க வேறொருவர் வந்தார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஏதோ கொண்டுவந்தார். பாட்டிலில் பெயர் இல்லை, லேபிள் இல்லை, தேதி இல்லை. என்ன மருந்து என்று கேட்டேன். "களைக்கொல்லிதான் மேடம்." அதில் என்ன மருந்து? "எல்லாக் களைக்கும் ஒண்ணுதான் மேடம்." எல்லாக் களைக்கும் ஒன்று என்றால், ஐயா, அது புல்லையும் சேர்த்துத்தானே கொல்லும்? அகன்ற இலைக் களையை மட்டும் கொல்லும் 2,4-டி இருக்கிறது, அது புல்லைத் தொடாது. கோரைக்கென்றே ஹாலோசல்ஃப்யூரான் இருக்கிறது. கோரை என்பது புல்லும் இல்லை, அகன்ற இலையும் இல்லை, தண்டை உருட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும் என்று அறுபத்து நான்கு வயதில் நான் தெரிந்துகொண்டேன். இதுவே தொழிலாக இருப்பவர்கள் நீங்கள். இரண்டு வாரத்தில், அவர் நடந்த தடம் தடமாக என் புல் வெளுத்துப்போனது. கோரை? மே முதல் வாரமே கிழங்கிலிருந்து மறுபடியும் முளைத்துவிட்டது.

அடித்தது எல்லாச் செடியையும் கொல்லும் கிளைஃபோசேட் என்கிற களைக்கொல்லியா? ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் வேண்டும். அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரிலேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஆளிடம் உரிமம் இருந்தால் நகல் அனுப்புங்கள். நான் தவறாகச் சந்தேகித்திருந்தால் மன்னிப்புக் கேட்கத் தயங்க மாட்டேன்.

மெஷினைப் பற்றி எழுத விட்டுப்போனது. வாங்கி மூன்று மாதத்தில் பிளேடு மழுங்கிவிட்டது. வெட்டுவதற்குப் பதிலாகக் கடித்துப் பிய்த்தது. புல் நுனியெல்லாம் நார் நாராகக் கிழிந்து வெள்ளை தட்டியது. மே 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்கு எழுபது நிறைவு. வீட்டிலேயே சின்ன விருந்து வைத்திருந்தோம். அதற்குள் மிச்சமிருக்கும் புல்லையாவது ஒழுங்காக வெட்டிவைக்கலாம் என்று கேட்டால், "வீட்டுக்கு வர ஆள் இல்லை, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாங்க" என்றீர்கள். ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை. வடவள்ளி ஊரின் இந்தக் கோடி, உங்கள் சென்டர் இருக்கும் சிங்காநல்லூர் அந்தக் கோடி. ஆட்டோவில் மெஷினை ஏற்றி, கைப்பிடியை நான் மடியில் பிடித்துக்கொண்டு, சித்திரை வெயிலில் போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி 12.50. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு "லஞ்ச்" என்றார்கள். வாசல் படியில் உட்கார்ந்தேன். நாற்காலி கேட்டேன், இல்லை என்றார்கள். உள்ளே மூன்று நாற்காலி எனக்குத் தெரிந்தது. இரண்டரை மணிக்குக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்து, "இது வீட்டுக்கு வந்து பாக்குற புகாரா பதிவாகியிருக்கு, இங்க எடுக்க முடியாது" என்றார் கவுண்டரில் இருந்தவர். வரச் சொன்னதே நீங்கள்தானே என்றால், "அது கால் சென்டர் மேடம், நாங்க வேற" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் சொன்னார், "இதை இரும்புக் கடையில போட்டாக்கூட எடைக்கு ஏதாச்சும் குடுப்பானுங்கம்மா."

கேளுங்கள், இன்னும் முடியவில்லை. உக்கடம் தாண்டும்போது என் போனுக்கு உங்களிடமிருந்து குறுஞ்செய்தி: "எங்கள் டெக்னீசியன் உங்கள் வீட்டுக்கு வந்தார். வீடு பூட்டியிருந்தது. உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." வீட்டில் என் கணவர் காலை முதல் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். தபால்காரரைத் தவிர ஒருவரும் வரவில்லை.

மே 11 எப்படி நடந்தது என்று எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. ஷாமியானாக்காரரிடம் சொல்லிப் பச்சை விரிப்பு வாங்கிப் புல்லின் மேலேயே விரித்தோம். நிஜப் புல்லை மறைக்கப் பொய்ப் புல். விரிப்பு பற்றாத மூலையைப் பார்த்துவிட்டு என் தம்பி, "என்னுங்க மாமா, சித்திரையிலேயே போகி கொளுத்திட்டீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து காலையில் நடக்கப் போவதில்லை. கேட்டால் வெயில் என்கிறார். என் குடும்பத்தின் நிம்மதியையே குலைத்துவிட்டீர்கள் என்று நான் சொன்னால் உங்களுக்கு மிகையாகத் தோன்றலாம். இந்த மூன்று மாதத்தில் என் ஆயுளில் மூன்று வருடம் போய்விட்டது என்பதுதான் உண்மை.

எனக்கு வர வேண்டியது: சந்தா 23,600, மெஷின் 18,490, புதிதாகப் புல் பதிக்கவும் மண் மாற்றவும் கூலியோடு 23,400, லாரித் தண்ணீர் 6,000, ஆட்டோ போக வர 900. கூட்டினால் 72,390 ரூபாய். மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம். மொத்தம் 2,72,390. இரண்டு லட்சம் அதிகம் என்று என் கணவரே சொல்கிறார். ஆட்டுக்குட்டி என்று சொன்னபோது போனைப் பிடித்திருந்தது அவர் இல்லை, நான்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. ஜனவரியில் வந்து மண்ணைப் பார்த்துப் போன பெண் மிக மரியாதையாகப் பேசினார், வேலையும் தெரிந்தவர். அவரைப் போன்றவர்களை அனுப்பியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நீங்களும் பேசித் தீர்க்கவே விரும்புவீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பொறுப்பான ஒருவர் பெயரோடும் கையொப்பத்தோடும் எனக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். உங்கள் தலைமை அலுவலகம் வெளி மாநிலத்தில் இருக்கிறது என்று கவுண்டரில் பயமுறுத்தினார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் வைக்காமல் நானே வாதாடலாம். கரும்பலகை முன்னால் நின்று பேசிப் பழகியவள், எனக்குக் கூச்சம் கிடையாது. லேபிள் இல்லாத பாட்டிலைப் பற்றி வேளாண்மைத் துறைக்கும் தனியாக ஒரு மனு போகும்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: ரசீதுகள், ஆறாம் பக்கத்தின் நகல், ஏப்ரல் 29 குறுஞ்செய்தியின் படம், புல்வெளிப் புகைப்படங்கள் 14.

பின்குறிப்பு: அந்தத் தண்ணீர் பாட்டிலை உங்கள் ஆள் கிணற்று மேடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கால் பாட்டில் மிச்சம் இருக்கிறது. பேரன் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்திருக்கிறேன். திரும்பி வாங்கிப்போக யாரையும் அனுப்ப வேண்டாம், அது ஆணையத்துக்குத்தான் போகும்.