புதுமாத்தளன் கரையில் நின்ற அண்ணைக்கு

2009 மாசி மாதம், இலங்கையில் இறுதிப் போர் நடந்த நேரம். முல்லைத்தீவுக் கரையோர ஊரான புதுமாத்தளனின் பள்ளிக்கூடம்தான் அப்போது ஆஸ்பத்திரி. ஷெல் துண்டு தொடையில் பாய்ந்த அம்மாவோடு கரையில் நின்றேன். காயக்காரரை ஏற்ற வந்த செஞ்சிலுவைக் கப்பல் தள்ளி நின்றது. சின்னப் படகில்தான் போகவேண்டும். நீங்கள் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காயக்கட்டு நனையாமல் அம்மாவை உயர்த்திப் பிடித்துப் படகில் கிடத்தினீர்கள். "தங்கச்சி, நீயும் ஏறு, அம்மாவுக்கு ஆள் வேணும்" என்றீர்கள். உங்களுக்கென்று இடம் கேட்கவேயில்லை.

காயம்பட்டவர்களை வேறுபாடில்லாமல் காக்கச் சொல்கின்றன 1949 ஜெனீவா உடன்படிக்கைகள். எங்களுக்கு அதைச் செய்தது நீங்கள்தான். திருகோணமலையில் அம்மாவின் காலைக் காப்பாற்றினார்கள், இப்போதும் நடக்கிறா. மிக்க நன்றி அண்ணை. இதைக் கண்டால் ஒரு வரி எழுதுங்கோ, அம்மா உங்களைப் பார்க்கவேணுமாம்.