பெட்டியின் மேல் பொரித்த நேரத்தை எழுதுங்கள்

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, பஸ்ஸில் குஞ்சு ஏற்றி அனுப்பும் ஹேட்சரி (கோழிக்குஞ்சு பொரிப்பகம்) உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஆயிரம் இரண்டாயிரம் என்று எடுக்கிற பண்ணைக்காரன் இல்லை நான். கொல்லையில் கோழி வளர்க்கிற ஆள். நாட்டுக்கோழியில் சிறுவிடைக் குஞ்சு பதினைந்து, கருங்கோழியான கடக்நாத் பத்து என்று கேட்டு, ஜிபேயில் பணம் போட்டுவிட்டு, விடியற்காலையில் பைபாஸ் ஓரம் போய் நிற்கிற கூட்டத்தில் ஒருவன். எங்களை நம்பி உங்கள் தொழில் இல்லை என்பது தெரியும். ஆனால் தினமும் ஸ்டேட்டஸில் குஞ்சு வீடியோ போட்டு, ‘தமிழ்நாடு முழுக்க டெலிவரி’ என்று எழுதுவது எங்களுக்காகத்தானே? அதனால் கேட்கிற உரிமை கொஞ்சம் இருக்கிறது.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்டியின் மேல் எங்கள் பெயரும் போன் நம்பரும் எழுதுகிறீர்கள். கூடவே குஞ்சு பொரித்த தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள்.

ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முட்டையை விட்டு வெளியே வருவதற்குச் சற்று முன்பு, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு ஏறக்குறைய 72 மணி நேரத்துக்குத் தாங்கும். தீனியும் தண்ணீரும் இல்லாமல் குஞ்சை ஊர் விட்டு ஊர் அனுப்ப முடிவதே இதனால்தான். அமெரிக்காவில் 1918 முதல் தபாலிலேயே குஞ்சு போகிறது. அங்கே தபாலில் சேர்க்கும்போது குஞ்சுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வயது ஆகியிருக்கக் கூடாது, பொரித்த 72 மணி நேரத்துக்குள் வீடு சேர வேண்டும் என்று தபால் துறையே விதி வைத்திருக்கிறது. நம்மூரில் தபால்காரர் பார்க்காத அந்த வேலையை ஆம்னி பஸ் டிக்கி பார்க்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். முட்டை பொரிக்க 21 நாள் என்றாலும் ஒரு தட்டில் இருக்கும் முட்டை எல்லாம் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு நாள் வித்தியாசம் சாதாரணம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஓட்டை உடைத்த குஞ்சு, திங்கள் காலை நீங்கள் பொரிக்கும் இயந்திரமான ஹேட்சரைத் திறக்கும்போதே 24 மணி நேரத்தைத் தின்றுவிட்டது. அன்றே பஸ் ஏறினால் பயமில்லை. ஆனால் ‘அந்த ரூட்டில் இன்னும் ரெண்டு ஆர்டர் வரட்டும், சேர்த்து அனுப்பிடலாம்’ என்று செவ்வாய் இரவு எட்டு மணி பஸ்ஸுக்குப் போட்டால் 60 மணி நேரம். நாமக்கல் பக்கம் ஏறி நாகர்கோவில் பக்கம் இறங்கும்போது 70. நாங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைப் பிரிக்கும் நேரத்தில் கட்டுச்சோறு காலி. ஸ்டேட்டஸிலோ ‘ஒருநாள் குஞ்சு’ என்றுதான் இருக்கும்!

வயது கூடின குஞ்சைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். இறக்கையில் சிறகு முளை நீண்டிருக்கும். கால் தோல் வறண்டு, நரம்பு கோடுகோடாகத் தெரியும். கத்தக்கூடத் தெம்பிருக்காது. போன முறை எனக்கு வந்த பெட்டியில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. வந்த அன்றே மூன்று போயின, மறுநாள் நான்கு. போன் செய்தால், ‘பஸ் ஏத்துற வரைக்கும்தாங்க எங்க பொறுப்பு. அதுக்குத்தான் ரெண்டு குஞ்சு எக்ஸ்ட்ரா போட்டிருக்கோம்ல’ என்றார்கள். எக்ஸ்ட்ரா போடுவது நல்ல பழக்கம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாவதற்கென்றே இரண்டைச் சேர்த்து அனுப்புவதைவிட, ஒரு நாள் முன்னதாக அனுப்புவது உங்களுக்கும் லாபம்.

நேரம் தெரிந்தால் நாங்கள் செய்கிற வேலையும் மாறும். ஒரு நாள் வயதுக் குஞ்சு என்றால் பதற்றமில்லை. சூடு கொடுக்கும் கூண்டான புரூடரில் விட்டு, சூடு பிடித்து நடமாட ஆரம்பித்ததும் தண்ணீர் காட்டலாம். 70 மணி நேரக் குஞ்சு என்றால் ஒவ்வொன்றாகப் பிடித்து, வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீரில் அலகை முக்கிவிட்ட பிறகுதான் மற்ற வேலை. தடுப்பு மருந்துக் கணக்கும் பொரித்த நாளில் இருந்துதான் ஓடுகிறது. கோழியைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விட வேண்டும். நீங்கள் சொல்லாமல் விட்ட மூன்று நாளால் எங்கள் ஏழாம் நாள் பத்தாம் நாளாகிவிடுகிறது.

சூடு கொடுப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைப்பது எல்லாம் பழகிவிட்டது. (குண்டு பல்பு கிடைப்பதுதான் இப்போது பெரும்பாடு. கடையில் கேட்டால் எல்.இ.டி. எடுத்து நீட்டுகிறார்கள். அதன் கீழே குஞ்சு குளிர்காயவா முடியும்?)

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் கோழிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பொரித்த குஞ்சை உடனே அனுப்ப வேண்டும், அனுப்பும் இடத்தில் பெட்டியில் அடைத்து வைத்திருக்கக் கூடாது, பெட்டி சாயாமல் மட்டமாகப் போக வேண்டும், வெயிலும் மழையும் படக் கூடாது, அதன் மேலும் சுற்றிலும் வேறு சரக்கு வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. நான் வாங்கிய பெட்டியின் மேல் ஒரு மல்லிகைப்பூ மூட்டை இருந்தது. அது இருந்த பக்கத்துக் காற்று ஓட்டைகள் அத்தனையும் அடைந்துபோயிருந்தன. கிளீனர் தம்பியைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? அவருக்கு அது நூறு பார்சலில் ஒரு பார்சல். ‘உயிருள்ள குஞ்சு, மேலே எதுவும் வைக்காதே’ என்று பெட்டியின் நான்கு பக்கமும் பட்டை மார்க்கரில் எழுத ஒரு நிமிஷம் ஆகுமா?

பெட்டைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘பத்துக்கு எட்டு பெட்டை கேரண்டி’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். நாட்டுக்குஞ்சை ஒரு நாள் வயதில் சேவல் பெட்டை பிரிக்க, ஆசனவாயைப் பார்த்துச் சொல்கிற தேர்ச்சி பெற்ற ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆளை வைத்திருக்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நம்புகிறோம். இல்லையென்றால் பாதிக்குப் பாதி என்று எழுதுங்கள். அதற்கும் ஆள் வாங்கத்தான் செய்வார்கள். மாரெக்ஸ் என்ற கோழி வாத நோய்க்கான தடுப்பூசி போட்டதா இல்லையா என்பதையும் அப்படியே ஒரு வரி எழுதுங்கள். அது பொரித்த அன்றே போடுகிற ஊசி. ஆயிரம் டோஸ் குப்பியைப் பத்துக் குஞ்சுக்காக எந்த வீட்டில் உடைப்பார்கள்? பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் முகாமில் வெள்ளைக்கழிச்சலுக்குத்தான் ஊசி போடுவார்கள், இதற்கு இல்லை. நீங்கள் போடவில்லையென்றால் போடவில்லைதான்.

இதெல்லாம் செலவு என்று சிலர் சொல்வீர்கள். தேதி எழுத என்ன செலவு? இரண்டு நாள் நிறுத்தி வைக்காமல் அனுப்பினால் ஒரு பார்சலுக்குப் பஸ் கூலி கூடும், உண்மைதான். அதைக் குஞ்சு விலையில் சேர்த்துக் கேளுங்கள், தருகிறோம். செத்த குஞ்சுக்கு எப்படியும் நாங்கள்தானே காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆவணியில் மறுபடி சிறுவிடை எடுக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்குப் பொரித்தது என்று பெட்டியில் எழுதி அனுப்புகிறவரிடம்தான் எடுப்பேன். குஞ்சுக்கு ஐந்து ரூபாய் கூடக் கேட்டாலும் சரி. எழுதுவோம் என்கிறவர்கள் அடுத்த ஸ்டேட்டஸில் ரேட்டுக்குப் பக்கத்தில் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
கொல்லையில் கோழி வளர்ப்பவன்