சிவந்தால் மட்டும் போதாது

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனை வைத்த பிறகும், பற்ற மாட்டேன் என்கிற உன் கேஸ் ஓவன் நினைப்பாகவே இருந்தேன். மேலே அடுப்பு நன்றாக எரிகிறது என்றாய். அப்படியானால் கேஸ் வருகிறது, ரெகுலேட்டரைச் சந்தேகப்பட வேண்டாம். டைமர் எதையாவது தெரியாமல் அமுக்கி வைத்திருக்கிறாயா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடு.

“உள்ளே சிவப்பாக வருகிறது, ஆனால் பற்றவில்லை” என்றாயே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அந்தச் சிவப்பு இக்னைட்டர், அதாவது கரண்டில் சூடாகிக் கேஸைப் பற்றவைக்கும் பாகம். சிவக்கிறதே, அது நன்றாகத்தானே இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நம்பி, ஓவனுக்குள் கேஸைத் திறந்து மூடுகிற வால்வை மாற்றினேன். பணம் போனது, ஓவன் அப்படியே இருந்தது. பிறகுதான் புரிந்தது: இக்னைட்டர் வழியாகப் போகும் கரண்ட்தான் வால்வையும் திறக்கிறது. பெரும்பாலான ஓவன்களில் 3 ஆம்பியருக்குச் சற்று மேலே ஓடினால்தான் வால்வு திறக்கும். இக்னைட்டர் பழசாகப் பழசாக அது இழுக்கும் கரண்ட் குறைந்துகொண்டே வரும். சிவக்கும், ஆனால் வால்வைத் திறக்கிற தெம்பு இருக்காது. பற்றவைக்க முடியாத நேரத்தில் கேஸ் வெளியே வரக்கூடாது என்றுதான் இப்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் வால்வு மூடிக் கிடப்பதைப் பார்த்துக் கோபப்படாதே, அது உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கையில் கடிகாரத்தோடு ஒருமுறை போட்டுப் பார். ஒன்றரை நிமிஷம் சிவந்தும் பற்றவில்லை என்றால் அணைத்துவிடு. அனேகமாக இக்னைட்டர்தான். மெக்கானிக்கிடம் ஓவனின் மாடல் நம்பரைச் சொல்லி, அதற்கான இக்னைட்டரையே கொண்டுவரச் சொல். மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, கேஸையும் மூடியிருக்க வேண்டும். புது இக்னைட்டரின் கரும்பகுதியை வெறுங்கையால் தொடக்கூடாது. சுலபமாக உடையும், விரல் எண்ணெய்ப் பசை பட்டாலும் கெடும்.

தீக்குச்சியை மட்டும் உள்ளே நீட்டாதே, அம்மா. எங்காவது கேஸ் தேங்கியிருந்தால் முகத்தில் அடிக்கும். நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, கேஸை மூடிவிட்டு வெளியே வா. அங்கே நின்று கேஸ்காரர்களைக் கூப்பிடு. அப்புறம் எனக்குச் சொன்னால் போதும்.

புதுசு போட்ட பிறகு எத்தனை நொடியில் பற்றியது, தீ நீலமாக இருந்ததா என்று பார்த்து எழுது. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா