முதலில் எதை மாற்றுவது என்று சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருபவள் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். உடல் எடையைக் குறைப்பது பற்றி அப்பக்கத்தில் வந்த கட்டுரைகளைக் கத்தரித்து ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். சென்ற வாரம் அவற்றை ஒருசேர எடுத்துப் படித்தேன். காலை உணவை ஒருநாளும் தவிர்க்கக் கூடாது என்று ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். 16 மணி நேரம் வயிற்றைக் காயவிட்டு நண்பகலில் முதல் உணவை உண்பதே நல்லது என்று மற்றொருவர் எழுதியிருக்கிறார். சோற்றை விட்டு வரகுக்கும் சாமைக்கும் மாறுங்கள் என்கிறது ஒரு கட்டுரை. தானியம் என்ற பேச்சே வேண்டாம் என்கிறது பேலியோ முறையை விளக்கும் கட்டுரை. எழுதியவர்கள் அனைவரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்கள். அவர்கள் சொல்லும் முறை யாருக்கோ பொருந்தும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அத்தனையையும் படித்து முடித்த பிறகு, மறுநாள் காலை அடுக்களையில் எதை முதலில் மாற்றுவது என்று தெரியாமல் நின்றவள் நான். அப்படி நின்றதிலேயே எனக்கு இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

எனக்கு 49 வயது. கும்பகோணத்தில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை. உயரம் 155 செ.மீ., எடை அப்போது 82 கிலோ. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறைக் குறியீடு எனக்கு 34 என்று வந்தது. நம் நாட்டவருக்கு அது 23ஐத் தொட்டாலே அதிக எடை என்றும், 25ஐத் தொட்டால் உடற்பருமன் என்றும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இது என் ஒருத்தியின் கதையும் அன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரின் குறியீடு 25 அல்லது அதற்கு மேல்; அதற்கு முந்தைய ஆய்வில் அது 30.9 விழுக்காடாக இருந்தது. ஆண்களின் நிலையும் 37 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. இத்தனை பேர் படிக்கும் பக்கம் என்பதால்தான் அதில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

அறிவுரை மிகுந்தால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத் தினையும் குதிரைவாலியும் வாங்கி வந்தேன். வீட்டில் கணவர், மகன், மாமியார் என மூவருக்கும் வழக்கமான சமையல். எனக்கு மட்டும் தனி உலை. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்திற்குக் கிளம்ப வேண்டியவளால் இரண்டு சமையல் எத்தனை நாள் செய்ய முடியும்? மூன்றாவது வாரத்தில் நின்றுபோனது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பிச் சில நாள் கொள்ளுக் கஞ்சி, பிறகு வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், பிறகு ஒரு மாதம் இரவு உணவே இல்லாமல் என்று ஒன்றன்பின் ஒன்றாக முயன்றேன். ஒவ்வொன்றும் விட்டுப்போகும்போது, விட்டது நான் என்ற குற்ற உணர்வு மட்டும் மிஞ்சியது. அந்த முறை என் வீட்டுக்கும் வேலைக்கும் ஏற்றதா என்ற கேள்வியை எந்தக் கட்டுரையும் என்னிடம் கேட்கவில்லை.

கேட்டவர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் மாமியாருக்கு இரத்த அழுத்தம் பார்க்க வீட்டிற்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அத்திட்டத்தால் மாத்திரை வீடு தேடி வருவதைப் பலரும் பாராட்டுகிறார்கள். எனக்கோ அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்ட ஒரே ஒரு கேள்விதான் மாத்திரையைவிடப் பெரிதாகப் பயன்பட்டது. "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீங்கக்கா, எத்தனை கரண்டி சர்க்கரை?" என்றார். வீட்டில் இரண்டு, அலுவலகத்தில் மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டிக்கு ஏறக்குறைய 5 கிராம் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 50 கிராம் சர்க்கரை, அதாவது 200 கலோரி, தேநீரில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நாளொன்றுக்குச் சர்க்கரையை 25 கிராம் அளவிற்குக் குறைத்தால் கூடுதல் நன்மை உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைப் போல் இரு மடங்கை, பசிக்காக அல்லாமல் பழக்கத்திற்காகக் குடித்துக்கொண்டிருந்தேன். "இதை மட்டும் பாருங்கக்கா, வேற எதையும் இப்ப மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு எதையும் இப்போது மாற்றாதீர்கள் என்ற அந்தச் சொல்லை அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு மாதம் அதை மட்டும் செய்தேன். ஐந்து தேநீர் இரண்டானது. இரண்டு கரண்டி ஒன்றானது. நாக்கு பழகிய பிறகு எண்ணெய்க்கு வந்தேன். நான்கு பேருக்கு மாதம் நான்கு லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, ஏறத்தாழ 270 கலோரி. மூன்று லிட்டருக்கு மேல் வாங்குவதில்லை என்று முடிவுசெய்தேன். இதற்குத் தனிச் சமையல் தேவைப்படவில்லை. வீட்டில் எல்லோருக்குமே குறைந்தது. மூன்றாவதாக, இரவுச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் கூட்டோ கீரையோ கூடுதலாக வைத்துக்கொண்டேன். காவிரிப் படுகையில் பிறந்தவளிடம் சோற்றை விடு என்றால் நடக்காது. ஒரு கரண்டி குறை என்றால் நடக்கிறது. நான்காவதாகத்தான் மகாமகக் குளத்தைச் சுற்றி மாலையில் அரைமணி நேர நடை வந்தது. எட்டு மாதங்களில் 82 கிலோ 77 ஆகியிருக்கிறது. ஐந்து கிலோ குறைந்திருக்கிறது என்று சொன்னால், கேட்பவர்கள் இவ்வளவுதானா என்கிறார்கள். ஆனால் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் நன்மை தெரியத் தொடங்கும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. எனக்கு ஆறு பங்கு குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிப்பதும் குறைந்திருக்கிறது.

கட்டுரைகளில் விடுபட்டுப்போகும் சில எளிய கணக்குகளையும் குறிப்பிட விரும்புகிறேன். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ தேனோ சேர்ப்பதால் எடை குறையும் என்று நம்பி, முன்பைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டுக்கொள்பவர்களை நான் அறிவேன். அவற்றின் கலோரி அளவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும் என்பது உண்மை. ஆனால் சமைக்காத 100 கிராம் அரிசிக்கும் 100 கிராம் சாமைக்கும் கலோரி ஏறக்குறைய ஒன்றே என்பதால், அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றியவர்கள் பணம் செலவழிந்ததுதான் மிச்சம் என்று வருந்துகிறார்கள். மாவுச்சத்தை அடியோடு நிறுத்துபவர்களுக்கு முதல் வாரத்தில் சடசடவென்று எடை இறங்குவதில் பெரும்பகுதி, உடலில் சேமிப்பாக இருந்த மாவுச்சத்தோடு சேர்ந்திருந்த நீர் வெளியேறுவது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், இரண்டாம் வாரம் முள் அசையாமல் நிற்கும்போது அவர்கள் மனம் உடைந்து கைவிட மாட்டார்கள்.

எடை காட்டும் கருவியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் இல்லை. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான முறையில் இருந்தவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவிலும் நடையிலும் கவனம் செலுத்தியவர்களில் அது 39.3 விழுக்காடு. அவர்களுடைய எடை அப்படியொன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டதும் சர்க்கரையைத் தவிர்ப்பது, அளவைக் குறைப்பது, நடப்பது போன்ற சாதாரணச் செய்திகளே. நம் சென்னையிலேயே நடந்த இந்த ஆய்வு என் கோப்பில் உள்ள எந்தக் கட்டுரையிலும் இடம்பெறவில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அறிவுரை யாருக்கு என்று சொல்லாமல் விடுவதில் ஆபத்தும் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடும் அண்ணன் ஒருவர், எங்கோ படித்ததை நம்பி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலை உணவைத் தவிர்த்தார். பதினோரு மணிக்கு உடல் வியர்த்துக் கைகள் நடுங்க நாற்காலியில் சரிந்தவரைச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மீட்டோம். இன்சுலின் போடுபவர்களும் சிலவகை மாத்திரைகளை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணாநோன்பு இருக்கக் கூடாது என்ற ஒற்றை வரி அங்கே அச்சாகியிருந்தால், அன்று அவர் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவே. எடை குறைப்பது பற்றிய ஒவ்வொரு கட்டுரையின் கீழும் சிறு கட்டமிட்டு, இது யாருக்கு, யார் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது, இதில் முதல் மாதம் செய்ய வேண்டிய ஒன்று எது என்ற மூன்றையும் அச்சிடுங்கள். ஒரே பக்கத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு முறைகள் வரும்போது, ஏன் இருவரும் இப்படிச் சொல்கிறார்கள் என்பதை விளக்க அவர்களையே கேளுங்கள். வெண்ணெய்ப்பழமும் ஓட்ஸும் நிறைந்த தட்டின் படத்திற்குப் பதிலாக, சோறு, சாம்பார், பொரியல், மோர் உள்ள நம் வீட்டுத் தட்டின் படத்தைப் போட்டு, எதில் எவ்வளவு என்று காட்டுங்கள். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் 26 வயதுப் பெண், எந்த டயட்டில் ஆரம்பிப்பது அக்கா என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். என் கோப்பில் உள்ள கட்டுரைகளில் அவளிடம் கொடுக்கத் தகுந்த ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்.